ஏற்றத்துக்கு எந்தப் பல்? தருமபுரி, கிருஷ்ணகிரி மேடுகளுக்குச் சைக்கிள் கியரைக் குறைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தருமபுரியிலிருந்து எந்தத் திசையில் சைக்கிளைத் திருப்பினாலும் சீக்கிரமே ஒரு மேடு வந்துவிடும். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்குவது சுகம். திரும்பும்போது அந்தக் காட்டுச் சாலை ஏற்றம். வத்தல்மலைக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து வருபவருக்குத் தொப்பூர் கணவாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிறவருக்கு மேலுமலையில் ஒரு பிடி ஏற்றம் உண்டு. அதன் பிறகும் சாலை ஏறி இறங்கி, மொத்தத்தில் உயர்ந்துகொண்டே போகும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறுகிறவருக்கும் இதே பாடுதான்.

இந்த மேடுகளில் இறங்கித் தள்ளுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "காலுல தெம்பு இல்லைங்க" என்பார்கள். நாளெல்லாம் காட்டில் வேலை செய்கிற ஆட்களே அப்படிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்கள் சைக்கிளின் பல் கணக்கு சமதரைக்காகப் போடப்பட்டது. அதை மாற்றப் பல வழிகள் இருக்கின்றன. சில வழிகளுக்குச் சில நூறு ரூபாய் போதும், சிலவற்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். அதிகம் செலவழித்தால் அதிகம் பலன் கிடைக்கும் என்பதும் கிடையாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குப் பின்பக்கப் பல்லைப் பெரிதாக்குவதுதான் முதல் வேலை. முன்பக்கத்தைத் தொடுவது அதற்குப் பிறகு.

ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்

கடைக்காரர் சொல்லும் கியர் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள். பெடலோடு சுற்றும் முன் செயின் வீலின் பல் எண்ணிக்கையைப் பின் சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பது வரும். ஏற்றத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு எண்ணே போதும். குறைவாக இருந்தால் கால் இலகு, வேகம் மெது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ. ஏற்றம் 8 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலை. அந்த மேட்டில் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கும் விசை, டயர் உருளும் தடையையும் சேர்த்து, சுமார் 8 கிலோ எடைக்குச் சமம். பெடல் மாட்டிய தண்டான கிராங்க் 17 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றில் உங்கள் பாதம் 1.07 மீட்டர் பயணம் செய்கிறது. இனி விகிதம் போட்டால் போதும்.

முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள சாதாரணப் பெரிய சைக்கிள் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். மேலே சொன்ன மேட்டில் அதன் பெடலில் சராசரியாக 40 கிலோ அழுத்தம் தேவை. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலால் அதிகம் தள்ள முடியாது என்பதால், நடுவில் அது 60 கிலோவைத் தொடும். கிட்டத்தட்ட முழு உடம்பு எடை. சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தால்தான் நகரும் என்பதன் காரணம் இதுதான். முன்னே 34, பின்னே 28 பல் உள்ள ரோட் பைக்கில் (வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள்) ஒரு மிதிக்கு 2.55 மீட்டர், சராசரி அழுத்தம் 19 கிலோ. முன்னே 28, பின்னே 34 பல் உள்ள ஹைப்ரிட் வகை சைக்கிளில் 1.77 மீட்டர், 13 கிலோ. ஆளும் மேடும் மாறவில்லை. பல் மட்டும் மாறி, பாரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இதையே உழைப்பாகப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற நிதானத்தில் மிதித்தால், 1.77 மீட்டர் கியரில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவீர்கள். சுமார் 140 வாட் சக்தி செலவாகும். ஓரளவு பழகிய உடம்பு அரை மணி நேரம் இதைத் தாங்கும். 2.55 மீட்டர் கியரில் அதே நிதானத்தில் மிதிக்க 200 வாட் வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சி தேவை. 5.4 மீட்டர் கியரில் 420 வாட் ஆகும். பந்தய வீரர்களின் உலகம் அது. ஆகவே நம்மூர்ச் சைக்கிள்காரர் அதில் 60 சுற்று மிதிப்பதில்லை. மணிக்கு 7 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 22 சுற்று என்று முக்கி முக்கி ஏறுகிறார். முட்டி வலி தொடங்குவது இப்படித்தான்.

என் அளவுகோல் இது: முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் கிடைப்பது ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். சின்ன கியரில் முன்னே உள்ளதைவிடப் பின்னே அதிகப் பல் இருக்க வேண்டும் என்று பொருள். வத்தல்மலைக்கோ, சாமான் கட்டிக்கொண்டு ஒகேனக்கல்லிலிருந்து ஏறுவதற்கோ அது கட்டாயம். கீழே போவதற்கும் எல்லை உண்டு. 0.7-க்குக் கீழே போனால் 60 சுற்றில் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டராகிவிடும். அந்த வேகத்தில் ஹேண்டில்பார் தள்ளாடத் தொடங்கும், கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் வரும்போது அது ஆபத்து.

கியர் இல்லாத சைக்கிளுக்கு

பள்ளிக்கூடத்தில் அரசு தரும் இலவச சைக்கிள், பால்காரரின் பெரிய சைக்கிள், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் நிற்கும் சைக்கிள் எல்லாம் இந்த வகை. மேட்டில் மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் இவர்கள்தான். கியர் பற்றிய எழுத்துகளில் யாரும் கண்டுகொள்ளாதவர்களும் இவர்கள்தான்.

இங்கே போட்டி இரண்டு வழிகளுக்கு இடையே. பின் சக்கரத்தின் பல் சக்கரமான 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடுவது ஒன்று. முன்னே உள்ள செயின் வீலைச் சின்னதாக்குவது இன்னொன்று.

ஃப்ரீவீல் மாற்றம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். 44-க்கு 18 என்பது 2.44, 44-க்கு 22 என்றால் 2. பெடல் அழுத்தம் 18 சதவீதம் குறையும், நம் மாதிரிக் கணக்கில் 40 கிலோ 33 ஆகும். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி மொத்தம் 130 கிலோவோடு ஏறுகிறவருக்கு 58 கிலோவாக இருந்தது 47 ஆகும். இவருக்கு அது மிதிப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். செயின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னே 4 பல் கூடினால் சக்கரம் அரை அங்குலம் முன்னே வந்தால் போதும். பெரிய சைக்கிளின் பின் ஃபோர்க்கில் அச்சு நகரும் பள்ளம் இருப்பதால், செயின் ஏற்கெனவே தளர்ந்து சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் அந்த இடம் கிடைத்துவிடும். புதுச் செயினும் முன்பக்கம் ஒட்டிய சக்கரமும் என்றால் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.

முன் செயின் வீலை மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும். 44-ஐ 36 ஆக்கினால் அதே 18 சதவீதம் குறைகிறது. ஆனால் பெரிய சைக்கிளில் செயின் வீலும் வலது கிராங்கும் ஒரே பாகம். கிராங்க்கை அச்சில் பிடிக்கும் காட்டர் பின்னை அடித்துக் கழற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன செயின் வீல் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கானது, அதன் கிராங்கும் குட்டை. 17 சென்டிமீட்டர் கிராங்க் இருந்த இடத்தில் 15 வந்தால், பல்லில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி நெம்புகோலில் போய்விடும். எனவே கியர் இல்லாத சைக்கிளுக்கு ஃப்ரீவீல்தான் என் தேர்வு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இழப்பு என்ன? சமதரையில் 60 சுற்றுக்கு மணிக்கு 19 கிலோமீட்டர் போன இடத்தில் 16 போவீர்கள். பாலக்கோடு சாலையில் அது தெரியும். கொஞ்சம் வேகமாக மிதித்துச் சரிக்கட்டலாம். இரண்டும் வேண்டும் என்பவருக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வாங்கி, ஒரு பக்கம் 18, மறுபக்கம் 22 மாட்டி, அடிவாரத்தில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது. 1937இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டெரெய்லர் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) அனுமதிக்கப்படும்வரை உலகின் தேர்ந்த வீரர்களே மலையடிவாரத்தில் இறங்கி இப்படித்தான் சக்கரத்தைத் திருப்பினார்கள். நம்மூர்க் கடைகளில் அந்த ஹப் எளிதில் கிடைக்காது என்பதுதான் தடை.

ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் அடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் வகையையும் சிலர் கேட்கிறார்கள். அதன் ஏ.டபிள்யூ. ஹப்பில் நடுக் கியர் நேரடி. சின்னது அதில் 75 சதவீதம், பெரியது 133 சதவீதம். 44-க்கு 22 போட்டு அதைச் சேர்த்தால் 1.5 வரை இறங்கலாம், சமதரை வேகமும் போகாது. அருமையான பொருள். ஆனால் சக்கரத்தையே புதிதாகப் போஸ்கம்பி (ஸ்போக்) கட்டிச் சேர்க்க வேண்டும், பழுதானால் உதிரிக்கு வெளியூரில் தேட வேண்டும். அந்தச் செலவுக்குப் பழைய கியர் சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம்.

"21 கியர்" சைக்கிளுக்கு

முன்னே 3, பின்னே 7. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக் கடைகளில் இளைஞர்கள் அதிகம் வாங்கும் வகை. 21 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழும் கியர்கள். கேட்க வேண்டியது முன்னே எத்தனை பல் என்பதை. பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள்: எம்டிபி (மலைச் சைக்கிள்) வகையில் 42, 34, 24, ஹைப்ரிட் வகையில் 48, 38, 28. பின்னே இரண்டுக்கும் 14 முதல் 28 பல் வரையிலான ஃப்ரீவீல்.

42-34-24 வைத்திருப்பவர் எதையும் மாற்றவே தேவையில்லை. 24-க்கு 28 என்பது 0.86, ஏற்கெனவே ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. இந்த சைக்கிளில் மேட்டில் திணறுகிறவர்களைப் பார்த்தால், பலர் முன்பக்கச் சின்னப் பல்லைத் தொட்டதே இல்லை. இடது கை ஷிஃப்டரின் கேபிள் துருப்பிடித்து நடுப் பல்லிலேயே நின்றுபோயிருக்கும். புதுக் கேபிளும் முன் டெரெய்லருக்கு ஒரு சரிபார்ப்பும் போதும்.

48-38-28 வைத்திருப்பவருக்குத்தான் உண்மையான தேர்வு. அவர் சின்ன கியர் 28-க்கு 28, சரியாக ஒன்று. இரண்டு வழிகள் இருக்கின்றன. பின் ஃப்ரீவீலை 14-34 ஆக்கினால் 28-க்கு 34, அதாவது 0.82. முன் கிராங்க் செட்டை 42-34-24 ஆக்கினால் 24-க்கு 28, அதாவது 0.86. முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வழியில்தான் வித்தியாசம்.

ஃப்ரீவீல் மாற்றத்தில் பெரிய கியர் அப்படியே இருக்கும். பின் பற்கள் 14-16-18-20-22-24-28 என்று இருந்தது 14-16-18-20-22-24-34 என்றாகும். மாறுவது கடைசிப் பல் ஒன்றுதான். இதுவே அதன் பலமும் பலவீனமும். 24-லிருந்து 34-க்குத் தாவும்போது ஒரே சொடுக்கில் 42 சதவீத இடைவெளி. வத்தல்மலை வளைவில் அந்தத் தாவல் வரம். கால் திடீரென்று விடுதலை ஆகும். ஓசூர் நெடுஞ்சாலை மாதிரி, லாரிகளுக்காக மென்மையாக வெட்டிய நீண்ட ஏற்றத்தில் அதே தாவல் தொல்லை. 24 கொஞ்சம் பாரம், 34 கொஞ்சம் அதிக இலகு, நடுவில் ஒன்றுமில்லை. முன்னே நடுப் பல்லுக்குப் போய்ச் சரிக்கட்டப் பார்த்தால் 38-க்கு 34 என்பது 1.12 வரும், 0.82-க்கும் 1.12-க்கும் இடையே காலி.

கிராங்க் மாற்றத்தில் எல்லாக் கியரும் சுமார் 11 முதல் 14 சதவீதம் சமமாக இறங்கும். இடைவெளிகள் சீராகவே இருக்கும். மேலே வேகம் போகும்: பெரிய கியர் 48-க்கு 14 என்பது 42-க்கு 14 ஆகிறது. 80 சுற்று மிதித்தால் மணிக்கு 35 கிலோமீட்டர் போன இடத்தில் 31. தினசரி ஓட்டத்தில் யாரும் அதைத் தேடப்போவதில்லை. வேலைதான் அதிகம். கிராங்க் கழற்றும் கருவி வேண்டும். கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் அச்சின் நீளம் புதுக் கிராங்க்குக்குப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் செயின் கோடு விலகிச் சின்னப் பல் ஃப்ரேமில் உரசும். முன் டெரெய்லரைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும்.

எனவே மலைச் சாலைக்கும் காட்டுப் பாதைக்கும் போகிறவர் ஃப்ரீவீலை மாற்றட்டும். கிருஷ்ணகிரி – ஓசூர் மாதிரி நீண்ட மென்மையான ஏற்றத்தில் தினமும் போகிறவருக்குக் கிராங்க் மாற்றம் நிம்மதி தரும். இரண்டையும் செய்தால் 24-க்கு 34, 0.71. கூடாரம், துணிமணி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு மட்டும்தான் அது தேவை.

ஃப்ரீவீல் மாற்றும்போது இரண்டு விஷயங்களில் விடாப்பிடியாக இருங்கள். ஒன்று, வருஷக்கணக்கில் மிதிபட்ட ஃப்ரீவீல் ஹப்பில் இறுகியிருக்கும். அதைக் கழற்றப் பல் வைத்த தனிக் கருவி உண்டு. வைஸில் அதைப் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி திருப்பினால் வந்துவிடும். உளியும் சுத்தியலும் எடுத்தால் தடுத்துவிடுங்கள், ஹப்பின் மரை போனால் சக்கரமே போச்சு. இரண்டு, செயின். கடைசிப் பல் 6 கூடும்போது செயினில் மூன்று கண்ணி கூடுதலாக வேண்டும், ஒரு கண்ணி அரை அங்குலம். கண்ணிகளை ஜோடி ஜோடியாகத்தான் சேர்க்க முடியும், ஆக நான்கு கண்ணி. "இருக்கிற செயினே போதும் தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னால், முன்னே பெரிய பல், பின்னே பெரிய பல் என்று போட்டுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின் டெரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்பதையும் அதன் மாடல் எண்ணை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோட் பைக்குக்கு

பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்வரை வருகிற கூட்டத்தைப் பார்த்து, நம் ஊர்ப் பிள்ளைகளும் வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த சைக்கிள்கள் பல முன்னே 50-34, பின்னே 11-28 என்று வருகின்றன. சின்ன கியர் 1.21. இளம் கால்களுக்குத் தொப்பூர் சரி, வத்தல்மலை கடினம்.

முதலில் ஒரு மாயையைக் கலைத்துவிடலாம். 'முன் சின்னப் பல் 34-ஐ 30 ஆக்கிவிடலாமே?' என்று பலர் நினைப்பார்கள். முடியாது. இந்தக் கிராங்க்குகளில் பல் தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. அந்த வட்டத்தில் 33 பல்லுக்குக் கீழே தட்டு அமையாது. பழைய 53-39 கிராங்க்கின் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் 38-தான் எல்லை; அங்கே ஒரு பல் குறைத்து ஒன்றும் ஆகாது. பழைய 50-39-30 மூன்று பல் ரோட் கிராங்க் வைத்திருப்பவர் மட்டும் அதிர்ஷ்டசாலி. அதன் உள் வட்டம் பெரும்பாலும் 74 மில்லிமீட்டர், அதில் 24 பல் வரை போகலாம். ஒரே ஒரு தட்டு மாற்றினால் மலை ஏறலாம். பழசு என்று யாராவது விற்கிறார்கள் என்றால் விட்டுவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு மூன்று வழிகள்: கேசட்டை (பின்பக்கப் பல் அடுக்கை) மாற்றுவது, டெரெய்லரோடு கேசட்டை மாற்றுவது, 46-30 மாதிரி சின்னக் கிராங்க் வாங்குவது.

கிராங்க்கை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆசை காட்டுவது அதுதான். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் 46-30 உண்டு. பின்னே 11-28 அப்படியே இருந்தால் 30-க்கு 28, 1.07. பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிச் செலவழித்தும் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. மேலும் அந்தக் கிராங்க்கின் பல் தட்டுகள் ரோட் கிராங்க்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், அதற்கென்று உள்ள முன் டெரெய்லரையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். இப்போது பழைய கிராங்க்கை வைத்துக்கொண்டு பின்னே 11-34 போடுங்கள். 34-க்கு 34, சரியாக ஒன்று. அதில் ஒரு பங்கு செலவில் அதைவிடக் குறைந்த கியர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கிராங்க் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கேசட்டை மாற்றிய பிறகும் போதவில்லை என்றால், அப்போது 46-30 வாங்கலாம். 30-க்கு 34, 0.88. அது நல்ல கியர்.

கேசட் மாற்றத்தில் இருக்கும் முட்டுக்கட்டை பின் டெரெய்லர். ஒவ்வொரு டெரெய்லருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. எத்தனை பெரிய பல்வரை ஏறும் என்பது ஒன்று. எவ்வளவு தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கணக்கிட, முன்பக்க வித்தியாசத்தையும் பின்பக்க வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். 50-34 என்பதில் 16, 11-34 என்பதில் 23, மொத்தம் 39. ஷிமானோ 105 வரிசையின் ஆர்7000 டெரெய்லரில் குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) 30 பல், மொத்தம் 35 வரை. நீண்ட கூண்டு 34 பல், மொத்தம் 39 வரை. நீண்டது இருந்தால் கேசட்டும் செயினும் மாற்றி முடித்துவிடலாம். குட்டை என்றால் டெரெய்லரும் மாற வேண்டும்.

இங்கேதான் ஹேங்கர் எக்ஸ்டெண்டர் என்ற குட்டி உலோகத் துண்டு வருகிறது. டெரெய்லரைச் சற்றுக் கீழே இறக்கி, பெரிய பல்லுக்கு இடம் தரும். மலிவு. ஆனால் அது முதல் எல்லையை மட்டும்தான் தளர்த்துகிறது. கூண்டின் நீளம் மாறாததால் செயின் இழுக்கும் திறன் 35-லேயே நிற்கும். முன்னே சின்னது, பின்னே சின்னது என்று போட்டால் செயின் தொங்கும். அந்தச் சேர்க்கையைத் தவிர்க்கும் ஒழுக்கம் உள்ளவருக்கு எக்ஸ்டெண்டர் சரி. வீட்டில் அண்ணன் தம்பி எல்லாரும் எடுத்து ஓட்டும் சைக்கிள் என்றால் நீண்ட கூண்டு டெரெய்லர்தான் நல்லது.

8, 9 வேக (பின்னே 8 அல்லது 9 பல் சக்கரம் உள்ள) சைக்கிள்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. ஷிமானோவில் 9 வேகம்வரை ரோட் ஷிஃப்டரும் எம்டிபி பின் டெரெய்லரும் ஒரே கேபிள் கணக்கில் இயங்கும். அதன் ரோட் வரிசைகளான கிளாரிஸ் 8 வேகமோ, சோரா 9 வேகமோ இருந்தால், அந்தத் தலைமுறை ஏசரா, அலிவியோ எம்டிபி டெரெய்லரை மாட்டி 11-34 கேசட் போடலாம். 10 வேக எம்டிபி வந்தபோது ஷிமானோ அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அங்கிருந்து கலந்து போட்டால் கியர் சரியாக விழாது. விலை உயர்ந்த சைக்கிளைவிட மலிவான சைக்கிளுக்கு மலை ஏறும் வழி எளிதாக இருக்கும் இடம் இது.

எடை, டயர், மோட்டார்

'கியரை விடுங்கள், இலகுவான சைக்கிள் வாங்குங்கள்' என்பவர்கள் உண்டு. மொத்தம் 90 கிலோவில் 2 கிலோ குறைத்தால் மேட்டில் பாரம் 2 சதவீதம்தான் குறையும். 28 பல்லை 34 ஆக்கினால் 18 சதவீதம். டயரின் அகலத்தை மாற்றினாலும் மிதிக்கான மீட்டர் சில சதவீதமே மாறும். டயரில் சரியான காற்று அடித்தாலே போதும்.

250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்பும் உள்ள மின்சைக்கிளுக்கு இந்தியாவில் பதிவும் உரிமமும் தேவையில்லை. முட்டி தேய்ந்த பெரியவர்களுக்கும், தினமும் பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். மற்றவர்களுக்குப் பல் மாற்றமே போதுமானது. பேட்டரி தீர்ந்தால் அந்த சைக்கிளின் எடையையும் சேர்த்து மிதிக்க வேண்டும், அதற்கும் சின்ன கியர் வேண்டும்.

இறக்கமும் கணக்கில் உண்டு

கியரைக் குறைத்ததும் முன்பு போகாத இடங்களுக்கெல்லாம் போவீர்கள். போன வழியில் இறங்க வேண்டும். கம்பி பிரேக்கும் குரோம் ரிம்மும் உள்ள பெரிய சைக்கிளை 22 பல் ஃப்ரீவீலோடு வத்தல்மலை உச்சிக்கு யாராவது தள்ளாமல் ஏற்றிவிடலாம்; மழை நாளில் அந்த ஈரமான குரோம் ரிம்மை நம்பி இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வகை சைக்கிள்காரர்கள் வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு வரட்டும். கியர் சைக்கிள்காரர்கள், கேசட்டுக்குப் பணம் எடுக்கும் அன்றே பிரேக் கட்டைகளுக்கும் எடுத்துவைத்துவிடுங்கள்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் சாலைகளுக்கு இன்னொன்று. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அந்தப் பக்கம்தான். யானைகள் நடமாடும் காடு. சின்ன கியரில் மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏறும்போது 10 கிலோமீட்டர் மேடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பொழுது சாயும் முன் காட்டைத் தாண்டும்படி கிளம்பும் நேரத்தை முன்னே தள்ளுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, முன்னே பெரிய பல், பின்னே பெரிய பல் என்று மெதுவாகக் கையால் மாற்றிப் பாருங்கள். டெரெய்லர் முழுக்க நீண்டு விறைத்து நின்றால் செயின் குட்டை. ஓடும்போது இது நடந்தால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் உடைந்து, டெரெய்லர் போஸ்கம்பிக்குள் போகும். அடுத்து, முன்னே சின்னது, பின்னே பெரியது. டெரெய்லரின் மேல் உருளை பெரிய பல்லில் உரசினால் டெரெய்லரைப் பல்லிலிருந்து விலக்கும் பி-திருகைச் சிறிது முறுக்கச் சொல்லுங்கள். பின், லோ பக்கத் திருகு: செயின் பெரிய பல்லைத் தாண்டிப் போஸ்கம்பிப் பக்கம் விழக் கூடாது. கிராங்க் மாற்றியிருந்தால் முதல் ஓட்டம் முடிந்ததும் கிராங்க் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்; சதுர அச்சுக் கிராங்க் முதல் மேட்டிலேயே சற்று உட்கார்ந்து தளரும், தளர்ந்தபடி ஓட்டினால் அதன் சதுரத் துளை தேய்ந்து கிராங்க் வீணாகிவிடும். கியர் இல்லாத சைக்கிளில் ஃப்ரீவீல் மாற்றியவர்கள் இரண்டு மூன்று நாள் கழித்துச் செயின் தளர்வை ஒருமுறை பாருங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும், அதற்கு மேல் என்றால் அச்சைத் தளர்த்திச் சக்கரத்தைச் சற்றுப் பின்னே இழுத்து, இரண்டு பக்க நட்டையும் சமமாக இறுக்கிவிடுங்கள்.